பசை சாரின் வழுக்குக் கணக்கு

அந்தத் தொழிற்சாலையில் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலர் முதல் மேலாளர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ‘பசை சார்’. இதில் அவருக்குத் தீராத மனக்குறை. ஏனென்றால் அவர் செய்து வந்தது பசைக்கு நேர் எதிரான வேலை. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருப்பதற்காகத்தான் அவர் காலமெல்லாம் பூச்சு கலக்கினார். புதிதாகச் சேருகிறவர்களைப் பிடித்து நிறுத்திவைத்து, நான் செய்வது பசை இல்லை, மேல்பூச்சு என்று விலாவாரியாக விளக்குவார். அவர்களும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, “சரிங்க பசை சார்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

வேலை இதுதான். தலைமுடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, கூழ் மாதிரி ஒரு பூச்சுக்குள் இழுத்து, ஊதா விளக்குக்கு அடியில் ஓட்டினால், கண்ணை மூடித் திறப்பதற்குள் பூச்சு இறுகி, பன்னிரண்டும் ஒரே தட்டை ரிப்பனாகிவிடும். உலகத்தில் உள்ளவர்களின் பேச்சும் படமும் சண்டையும் சமாதானமும் அந்த ரிப்பனுக்குள்தான் வெளிச்சமாக ஓடும். அது ஓடட்டும். அதற்கு முன்னால் அந்த ரிப்பனைக் கிலோமீட்டர் கணக்கில் ரீலில் சுற்றியாக வேண்டுமே, அங்கேதான் வில்லங்கம். பூச்சு லேசாகப் பிசுபிசுத்தாலும் ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்து இழுக்கும்போது உள்ளே கண்ணாடி உடையும். சரி, நன்றாக வழுக்கட்டும் என்று விட்டால் அடுக்கு நிற்காமல் சரியும். போதாக்குறைக்கு, ரிப்பன்மேல் எண்ணும் எழுத்தும் அச்சடிக்க வேண்டும். வழுக்கும் பூச்சின்மேல் மை தங்காது, விரல் பட்டால் போய்விடும். ஆக, வழுக்கவும் வேண்டும், வழுக்கவும் கூடாது, மையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே நேரத்தில் நல்லவனாக இருக்கப் பார்க்கிற ஆண்பிள்ளை படும் பாடுதான் பூச்சுக்காரர் படும் பாடு.

பசை சார் இந்தப் பாட்டை ஆசைப்பட்டுப் பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பூச்சு அறை என்று ஒன்று இருந்தது. சன்னல் இல்லாத அறை. வெயில் பட்டால் பூச்சு டப்பாவிலேயே கெட்டியாகிவிடும் என்பதால் மஞ்சள் விளக்குதான். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எல்லோரும் காமாலைக்காரர்கள் மாதிரி இருப்பார்கள், இவர் மட்டும் களையாக இருப்பதாக இவருக்கு ஒரு எண்ணம். கண்ணாடிப் பலகையில் பூச்சை மெல்லியதாக இழுத்து, விளக்கில் காட்டி, இறுகியதும் தோல் உரிப்பது போல உரித்தெடுத்து மேஜையில் விரிப்பார். வெறுங்கையால் இரண்டு தடவை வருடி மடிப்பை நீவிவிடுவார். அதன் பிறகு ஒரு எடைக்கட்டியை அதன்மேல் வைத்தால் இயந்திரம் அதை மெல்ல இழுத்து, இழுக்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று எண் காட்டும். எண் சின்னதானால் வழுக்கல் அதிகம் என்று அர்த்தம். கையுறை அணியவும் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதை எழுதி ஒட்டியதே அவர்தான். ஆனால் அது மற்றவர்களுக்கு. விரலுக்குத் தெரியாதது இயந்திரத்துக்கு என்ன தெரியப்போகிறது என்பது அவர் கட்சி.

ஆள் தங்கமானவர். ஒரே ஒரு குறை, பூச்சைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவர் குழந்தையைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார், பூச்சைச் சொல்லக் கூடாது. ஒரு முறை மேலாளர் போகிற போக்கில், இந்த வாட்டி கொஞ்சம் கலங்கலாக இருக்கிறதோ என்று கேட்டுவிட்டுப் போக, மனிதர் அந்த வாரம் முழுக்க மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

இனி அவர் வீட்டுக்காரி. அந்த அம்மாள் அதே தொழிற்சாலையில் வைண்டிங் கூடத்தில் மேற்பார்வை. ரிப்பனை ரீலில் சுற்றும் கூடம் அது. அங்கே அவருக்கும் பெயர் கிடையாது, ‘அக்கா’. வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பசை சார் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே அங்கே அக்காவாக இருந்தார். ஊரோடு ஒத்துப்போகிற பிள்ளையாக இவரும் “அக்கா, என் ரீல் எப்ப வரும்?”, “அக்கா, இது எப்படிச் சுத்துது?” என்று கொஞ்ச காலம் கூப்பிட்டுத் தொலைத்துவிட்டார். பிறகு மனசு வேறு பக்கம் போயிற்று. ஒரு நாள் கூடத்துக்குள் வந்து, “இந்த ரீல் எப்படிச் சுத்துதுங்க?” என்றார். அந்த ஒரு ‘ங்க’வில் கூடத்தின் இயந்திரங்கள் எல்லாம் நின்றுவிட்டன. அக்கா எங்கே போச்சு என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். கல்யாணத்தன்று மணமேடையிலேயே ஒரு கும்பல் வந்து, “அக்காவ நல்லா பாத்துக்குங்க தம்பி” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனது. அதை அவர்கள் இன்று வரைக்கும் விட்டபாடில்லை. மகள் பள்ளிக்கூடம் முடிக்கப் போகிற வயதாகிவிட்டது, இன்னும் விடவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அந்தப் புதுப் பூச்சு வந்து சேர்ந்தது.

வாங்குகிற கம்பெனியிடமிருந்து ஒரு புகார் வந்துகொண்டே இருந்தது. ரிப்பனில் அச்சடித்த எழுத்து அழிகிறது, எது எந்த ரிப்பன் என்றே தெரியவில்லை என்று. காரணம் பசை சாருக்குத் தெரியும். பூச்சில் வழுக்குவதற்காகப் போடும் சேர்மானம்தான் மையைத் தள்ளிவிடுகிறது. அதைக் குறைத்தால் மை நிற்கும். ஆனால் ரிப்பன் பிசுபிசுக்கும். வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு குளிர்காலத்தில், கடவுள் கண்ணைத் திறந்த மாதிரி, சேர்மானத்தைக் குறைத்தும் எண் ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் குறைத்தார். அப்போதும் ஏறவில்லை. பாதியாக்கினார். ம்ஹும், எண் சமர்த்தாக அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. மனிதருக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. பூச்சு பெருமளவில் தயாராகி, ரிப்பன் ஓடி, எழுத்து பளிச்சென்று நின்றது. வாங்குகிறவர்கள் பாராட்டி எழுதினார்கள். மேலாளர் எல்லோர் முன்னாலும் அவர் கையைக் குலுக்கினார். அந்தக் கையை அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடமும் மகளிடமும் காட்டினார்.

சில வாரம் கழித்து, சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா மெதுவாக ஆரம்பித்தார். புது ரிப்பன் எழுத்தெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ரீலில் கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். அவ்வளவுதான். பசை சார் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். எண்களை ஒப்பித்தார். உராய்வு என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து விளக்கினார். கடைசியில், “இனிமே இந்த வீட்ல ஆபீஸ் பேச்சே வேணாம்” என்று ஒரு சட்டமும் போட்டார். அந்த அம்மாள் சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் ரிப்பன் பற்றி ஒரு சொல் பேசவில்லை. வைண்டிங் கூடத்திலிருந்தும் ஒரு புகார் வரவில்லை. பார்த்தாயா, எண் பொய் சொல்லாது என்று இவரும் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்த குளிர்காலம் வந்தபோதுதான் ரீல்கள் திரும்பி வந்தன. பெட்டியைத் திறந்தால் ரிப்பன் தலைவிரி கோலமாகக் கிடந்தது. அடுக்கு அடுக்காகச் சுற்றியது வண்டியில் போகும்போதே சரிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சிக்கலோ சிக்கல். ஒன்றிரண்டு இல்லை, போன சரக்கில் பாதி இந்தக் கதி.

மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். மேலாளர் அம்மாள் கறாரான பேர்வழி; கோபப்பட மாட்டார், ஆனால் எதையும் மறக்கவும் மாட்டார். இயந்திரத்தின் பதிவைத் திரையில் போட்டுக் காட்டினார். எவ்வளவு இறுக்கமாகச் சுற்ற வேண்டும் என்று ஒரு அளவு இருக்கிறது. இந்த ரீல்கள் எல்லாம் அந்த அளவுக்குக் கீழே, தொளதொளவென்று சுற்றப்பட்டிருக்கின்றன. இப்படி ஏன் ஆயிற்று என்று கேட்டார். பசை சாருக்கு அவசரம். யார் என்ன என்று யோசிக்காமல், “பூச்சுல ஒரு குறையும் இல்ல மேடம். சுத்துற எடத்துலதான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் சுற்றுகிற இடத்தின் மேற்பார்வையாளர் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மேலாளர்தான் சொன்னார். வைண்டிங் கூடத்தின் தலைவர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அடுத்து அக்காதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தானும் அப்படித்தான் நினைத்திருந்ததாகச் சொன்னார். ஆனால் இதற்கு ஒரு பதில் தெரியாமல் அந்தக் கூடத்தை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. அடுத்த வாரம் மறுபடியும் உட்காரலாம் என்று எழுந்துவிட்டார். அந்தக் கூடத்தின் தலைமை அக்காவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்த ஒரே ஆள் பசை சார்தான். ரீல் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிற வேலையில் ஆரம்பித்து அங்கே வந்தவர் அக்கா. எத்தனையோ வருடமாகத் தலைவரின் அறைக் கண்ணாடியைத் தாண்டிப் போகும்போதெல்லாம், நான் உட்கார்ந்தால் அந்த மேஜையை இப்படித் திருப்பிப் போடுவேன் என்று இவரிடம் சொல்லிக்கொண்டு வருவார்.

வீட்டில் அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். பேச்சு நின்றுவிட்டது. சாப்பாடு மேஜையில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். மகள்தான் நடுவில் தூது. அப்பா சாவி எங்கேன்னு கேக்கறாரு, அம்மா வச்ச எடத்துல இருக்குன்னு சொல்றாங்க என்று இரண்டு பக்கமும் ஓடி ஓடி, மூன்றாம் நாள் அவளுக்கு அலுத்துவிட்டது. “ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் குடுங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்தச் சண்டையில் யாருமே கவனிக்காத ஒரு விஷயம் நடந்தது. பசை சாரின் கைக் கிரீம் தீர்ந்து போயிற்று. பூச்சைக் கழுவுகிற திரவத்தில் நனைந்து நனைந்து அவர் கை குளிர்காலத்தில் வெடிக்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல் அக்காதான் போன குளிர்காலம் ஒரு நல்ல கிரீமாகத் தேடிப்பிடித்து வாங்கி வந்து, காலையில் கிளம்பும்போது கையில் பிதுக்கிவிடுவார். மதியத்துக்கு என்று பையிலும் ஒரு டியூப் வைப்பார். தீர்ந்தால் அடுத்தது தானாக வந்துவிடும். இப்போது வரவில்லை. கேட்டு வாங்கலாம்தான், ஆனால் கேட்பதற்கு முதலில் பேச வேண்டுமே. வெடித்தால் வெடிக்கட்டும் என்று வீராப்பாகக் கிளம்பிவிட்டார்.

அந்த வாரம் முழுக்கத் தன் பூச்சு குற்றமற்றது என்று நிரூபிக்கப் புதிதாகச் சோதனை செய்துகொண்டிருந்தார் அவர். தன் கட்சி ஜெயிக்க வேண்டும் என்பதைவிட, வேறு ஏதாவது ஒரு காரணம் கிடைத்து அக்காவும் தப்பிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. கிரீம் தீர்ந்த மறுநாள் இயந்திரம் காட்டிய எண்ணைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். இரண்டு மடங்கு! இயந்திரம் பழுதாகிவிட்டது என்றார். அதைப் பிரித்துத் துடைத்து மாட்டினார். அதே எண். எடைக்கட்டி அழுக்கு என்றார், கழுவினார். விளக்கு மங்கிவிட்டது என்று மாற்றினார். விளக்குக்கடியில் காற்று புகுந்தால் மேல்பரப்பு சரியாக இறுகாது; அதனால் காற்றை விலக்கி வைக்கும் நைட்ரஜன் குழாய் ஒழுகுகிறதோ என்று சோப்பு நுரை தடவித் தடவிப் பார்த்தார். ஒழுகவில்லை. மூலப்பொருள் அனுப்புகிறவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, என்னத்தைக் கலந்து அனுப்பினீர்கள் என்று ஒரு பிடி பிடித்தார். அவர்கள் பாவம், மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்கள். எதற்கு என்று இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியாது. உலகத்தில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்டாயிற்று, ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவரின் விரல் இடுக்கு வெடித்து ரத்தம் வந்தது. வேறு வழியில்லாமல் மதியம் எழுந்து தெரு முனை மருந்துக்கடைக்குப் போனார். எந்தக் கிரீம் என்று கேட்டார்கள். வீட்டில் கொடுப்பார்கள், வெள்ளையாக இருக்கும் என்றார். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லாமே வெள்ளைதான் என்றார். நல்ல காலம், தீர்ந்த டியூப் பையிலேயே கிடந்தது. அதைக் காட்டி அதே கிரீமை வாங்கிக்கொண்டு வந்து, இரண்டு கையிலும் நன்றாகத் தடவிக்கொண்டு, மறுபடியும் ஒரு துண்டை உரித்து விரித்து வருடிவிட்டு எடையை வைத்தார்.

எண் இறங்கிவிட்டது. பழைய அழகான எண்.

முதலில் சந்தோஷம்தான் பட்டார், மனிதர். நைட்ரஜன் குழாய் சரியாகிவிட்டது என்று நினைத்தார். அப்புறம் டியூபைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போட்டிருந்ததைப் படித்தார். அவர் பூச்சில் போடும் வழுக்குச் சேர்மானத்தின் நெருங்கிய சொந்தம் ஒன்று அங்கே இரண்டாவது இடத்தில் உட்கார்ந்திருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுவரில் தானே எழுதி ஒட்டியதற்கு முதல் முறையாகக் கீழ்ப்படிந்து கையுறை போட்டுக்கொண்டு இன்னொரு துண்டைச் சோதித்தார். எண் ஏறியது. கிரீம் தடவினார், இறங்கியது. கையுறை, ஏறியது. போன குளிர்காலத்திலிருந்து அவர் அளந்தது பூச்சின் வழுக்கலை அல்ல, பெண்டாட்டி வாங்கிக் கொடுத்த கிரீமின் வழுக்கலை. அந்த எண்ணை நம்பித்தான் சேர்மானத்தைப் பாதியாக்கினார். அந்தப் பூச்சுக்குத்தான் மேலாளர் கை குலுக்கினார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த பிறகு இன்னொன்று உறைத்தது. அப்படியானால் இத்தனை மாதமாக வைண்டிங் கூடத்துக்குப் போன ரிப்பன் எல்லாம் ஒட்டுகிற ரிப்பன். சரியான இறுக்கத்தில் சுற்றினால் சுற்றோடு சுற்று கவ்விக்கொண்டிருக்கும். பிரிக்கும்போது உடைந்து உடைந்து கூடமே அல்லோலப்பட்டிருக்க வேண்டும். ஒரு புகாரும் வரவில்லையே, ஏன்?

எழுந்து வைண்டிங் கூடத்துப் பக்கம் போனார். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. நடைபாதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு இயந்திரத்தில் பழைய பூச்சு ரிப்பன் ஓடி முடிந்தது. கழற்றிவிட்டுப் புது ரிப்பனை மாட்டினார்கள். மாட்டியதும் அக்கா தானே நடந்து வந்தார். ரிப்பனை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி. பிறகு இறுக்கம் வைக்கும் திருகைப் பிடித்துக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குறைத்துவிட்டு, ஓட்டுங்கள் என்று தலையசைத்தார். பக்கத்து இயந்திரத்துக்குப் போனார். அங்கேயும் அதேதான்.

ஒட்டுகிற ரிப்பன் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகத் தளர்த்திச் சுற்றியிருக்கிறார். தளர்த்திச் சுற்றியதால்தான் வண்டியில் சரிந்திருக்கிறது. அந்தப் பழியைத் தலையில் போட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. புருஷன் போட்ட பூச்சு சரியில்லை என்று ஊரறியச் சொல்வதற்கு மனசு வராமல், தான் ஆசைப்பட்ட நாற்காலி போனாலும் போகட்டும் என்று இருந்திருக்கிறார். பசை சாருக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் பாதி, மீதி என்னவென்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் வந்த வாசல் காவலர், என்ன பசை சார், கண்ணில் பூச்சு பட்டுவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தார்.

இப்போது ஒரு சுலபமான வழி இருந்தது. அதையும் அவர் யோசிக்காமல் இல்லை. யாருக்கும் தெரியாமல் சேர்மானத்தைக் கூட்டிவிடலாம். ரிப்பன் சரியாகிவிடும், அக்கா திருகைக் கூட்டிவைப்பார், ரீல் சரியாது. நல்ல பேருக்கும் பங்கமில்லை. ஆனால் அடுத்த வாரம் மேலாளர் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. தொளதொளவென்று சுற்றியவர் என்ற பேரோடு அக்கா அப்படியே நிற்க வேண்டியதுதான். இதை ஒரு ஐந்து நிமிடம் யோசித்திருப்பார். அந்த ஐந்து நிமிடத்துக்காக அப்புறம் ரொம்ப நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பேசிவிடுவது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அந்த ரிப்பன் இருக்கிறதே என்று இழுத்தார். அக்கா மகளைப் பார்த்து, “ஆபீஸ் பேச்சு வீட்ல வேணாம்னு யாரோ சட்டம் போட்டாங்களே, அவங்கள உனக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மேலாளர் அறையில் மறுபடியும் உட்கார்ந்தார்கள். மேலாளர், அக்கா, இவர். மேலாளர் பேச்சை எடுப்பதற்குள் பசை சார் சட்டைப் பையிலிருந்து கிரீம் டியூபை எடுத்து மேஜைமேல் வைத்தார். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. வீட்டுக் குளியலறையில் இருக்க வேண்டியதை இந்த மனுஷன் இங்கே எதற்குக் கொண்டுவந்து வைக்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை.

“என்ன இது?” என்றார் மேலாளர்.

“நம்ம புதுப் பூச்சு நல்லா வழுக்குதுன்னு நம்பர் காட்டினேனே மேடம், அந்த நம்பர் இதோடது.”

அப்புறம் ஒன்றுவிடாமல் சொன்னார். கையுறை போடாதது, கிரீம், பாதியாக்கிய சேர்மானம், பிசுபிசுக்கிற ரிப்பன். பூசி மெழுகவில்லை. மேலாளர் நடுவில் ஒரு தடவை சிரிப்பை அடக்கக் கையால் வாயை மூடிக்கொண்டார். பசை சார் அதையும் பொறுத்துக்கொண்டு, “தளத்திச் சுத்தினது அவங்க தப்பு இல்ல. நான் அனுப்புனத ஒடையாம சுத்தறதுக்கு வேற வழியே இல்ல” என்று முடித்தார். மூஞ்சி வியர்த்துவிட்டது.

மேலாளர் சிரிப்பை நிறுத்திவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். “ஒட்டுதுன்னு தெரிஞ்சேதான் தளத்திச் சுத்தினீங்களா?”

“ஆமா மேடம்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“ஒருத்தர்கிட்ட சொன்னேன். அவர் சாப்புடாம எழுந்து போய்ட்டாரு.”

பசை சார் நாற்காலியில் ஒரு சுற்று சிறுத்துப் போனார். ஆனால் மேலாளர் விடுகிற ஆள் இல்லை. வீட்டில் சொன்னது தன் காதுக்கு எப்படி வரும் என்றார். பூச்சு தப்பாகப் போவது பெரிய விஷயமில்லை, எந்தத் தொழிற்சாலையிலும் போகும். தப்பு என்று தெரிந்தவர் மூடி வைத்ததுதான் தனக்குப் பயமாக இருக்கிறது என்றார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார். “நாளைக்கு அந்தக் கூடம் உங்க கைக்கு வருது. இவர் மறுபடியும் இப்படி ஒண்ண அனுப்பறாரு. திருப்பி அனுப்புவீங்களா, இல்ல இவர் மொகத்தப் பாத்துட்டு மறுபடியும் திருகைத் திருப்புவீங்களா?”

பசை சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன்னால் வந்த வினைக்கு அக்கா பதில் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று தவித்தார். நான் இனிமேல் இப்படி அனுப்ப மாட்டேன் மேடம் என்று குறுக்கே விழப் போனார். அக்கா அவரைப் பார்க்காமலே, சும்மா இருங்கள் என்பது போலக் கையை லேசாக உயர்த்தினார். அப்படியே அந்தக் கையை நீட்டி மேலாளரின் மேஜையில் இருந்த தொலைபேசியை எடுத்தார். கூடத்துக்குப் போட்டார்.

“நாந்தான். ஓடிட்டிருக்கறத நிறுத்து. பூச்சு ரூம்லேர்ந்து வந்த புது ரிப்பன் எத்தனை இருக்கோ அத்தனையும் எறக்கித் திருப்பி அனுப்பு. ஆமா, அத்தனையும்தான். காரணமா? ஒட்டுதுன்னு எழுது. என் பேர் போட்டு எழுது.”

பசை சாருக்கு நெஞ்சில் யாரோ குத்தின மாதிரிதான் இருந்தது. பொய் சொல்வானேன். தெரிந்த விஷயம்தான், அவரே வாயால் சொன்னதுதான். இருந்தாலும் வருடக்கணக்காகப் பாடுபட்டு, ஊரெல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆடிய பூச்சு, ஒட்டுது என்ற ஒரே சொல்லில், அதுவும் அந்தக் குரலில், முடிந்து போனது. வழக்கமான பசை சாராக இருந்தால் இந்நேரம் எழுந்து போய், இந்த மாதம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்.

மறுமுனையில் இருந்த பெண் ஏதோ பதறிப்போய்க் கேட்பது தொலைபேசிக்கு வெளியிலேயே கேட்டது. அக்கா, பசை சார் கோவிச்சுக்குவாரே.

அக்கா அப்போதுதான் திரும்பி அவரை நேராகப் பார்த்தார். ஒரு வாரமாகப் பார்க்காத பார்வை. “கோவிச்சுக்கட்டும். கோவிச்சுக்கிட்டாலும் எங்க போயிடப் போறாரு, சாயங்காலம் என்கூடத்தானே வீட்டுக்கு வரணும்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

மேலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மாதக் கடைசியில் வந்து கூடத்தின் சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அக்கா புடவை ஓரத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார். பசை சார்தான் அந்த அறையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஒரே ஆள். துடைத்த கையில் கிரீம் இருந்ததால் கண் எரிந்தது. எரிகிறது, அதனால்தான் தண்ணீர் வருகிறது என்று யாரும் கேட்காமலே இரண்டு பேரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “போதும் வாங்க, அங்க உங்க ரீலெல்லாம் வந்து எறங்கிட்டிருக்கும், எண்ணி வாங்கி வைங்க” என்றார்.